ரெட்டைக் கோட்டுக்கு நடுவில்

இந்தப் பையை நானே மடியில வச்சிக்கிடுதேன் தம்பி. மேல போட வேண்டாம். உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன். பஸ்ல எவன் எந்த ஸ்டாப்புல எதை எடுத்துக்கிட்டு இறங்குவாம்னு யாருக்குத் தெரியும்? திருநெல்வேலியா? நானும் அங்கதான். அம்பாசமுத்திரத்துல என்ன சோலி? சரி, சரி, சொல்ல வேண்டாம். சிரிக்கீங்கன்னா சொல்ல இஷ்டமில்லன்னு அர்த்தம். ஒரு ஆள் என்ன சொல்லுதாம்னு நான் பாக்கமாட்டேன். எதைச் சொல்லாம விடுதாம்னுதான் பாப்பேன். தொழில் அப்படி.

கல்யாணத் தகவல் நிலையம் நடத்துதேன். ஜங்ஷன் பக்கம், மாடியில. என் பேரு ஆவுடையப்பன். நிலையத்துப் பேரு இப்ப வேண்டாம்.

இந்தத் தொழில்ல யாரையும் நம்பினா பிழைக்க முடியாது, பாத்துக்கிடுங்க. மாப்பிள்ளை போட்டோவுல தலை நிறைய முடி இருக்கும், நேர்ல தொப்பியோட வந்து நிப்பான். 'சொந்தத் தொழில்'னு எழுதுவான், போய்ப் பாத்தா மாமன் கடையில உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருப்பான். பொய் சொன்னாக்கூட பிடிச்சிரலாம். ஒண்ணுமே எழுதாம விடுதாவ பாருங்க, அவங்ககிட்டத்தான் சூதானமா இருக்கணும். ஒரு கட்டம் காலியா இருந்தா அதுக்குள்ள ஏதோ ஒண்ணு உக்காந்திருக்குன்னு அர்த்தம். என் வீட்டுக்காரிகூட சொல்லுவா, 'உங்களுக்கு எதுவுமே சும்மா இருக்காதா?'ன்னு. அவ இப்ப அவங்க அண்ணன் வீட்ல இருக்கா. சும்மாதான் போயிருக்கா.

இன்னைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டு வாரேன். இலை போட்டுச் சாப்பிடச் சொன்னாவ. நான் சாப்பிடல. ஏன்னு சொல்லுதேன். நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்கிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதுக்குள்ளதான் எல்லாப் பொண்ணு மாப்பிள்ளை விவரமும் இருந்தது. அது இருமிக்கிட்டே ஓடுச்சு. புதுசா ஒண்ணு வாங்கி, புதுப் புரோகிராம் போட்டோம். பழசுல உள்ள ஆளுகளைப் புதுசுக்கு ஏத்தணும்லா? பழைய புரோகிராம் எல்லாரையும் ஒரே பைலாக் கொண்டாந்து கொட்டும். வெறும் எழுத்து. ஒரு ஆளுக்கு ஒரு வரி. முதல்ல பேரு, அப்புறம் ரெண்டு கோடு. தகப்பனார் பேரு, ரெண்டு கோடு. தாயார் பேரு, ரெண்டு கோடு. கோடுன்னா படுத்த கோடு இல்ல, நிமுந்து நிக்குமே, ஜன்னல் கம்பி மாதிரி. ஜோடியா ரெண்டு கம்பி எங்க நிக்கோ அங்க ஒரு விஷயம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும். புரியுதா? ஆனா புதுப் புரோகிராம் ஒத்தைக் கோடுதான் வாங்குமாம். ரெண்டு கோட்டை அதுக்குத் தெரியாதாம்.

இதை என்கிட்ட சொன்னது பியூலா. எங்கிட்ட கம்ப்யூட்டர்ல வேலை பாத்த பிள்ளை. வேலையில குத்தம் சொல்ல முடியாது. அதுவே எனக்கு ஒரு மாதிரிதான். குத்தமே இல்லாம ஒரு ஆள் எப்படி வேலை பாக்க முடியும்?

அவ வந்து நின்னா. "சார், ரெட்டைக் கோட்டை அப்படியே ஒத்தைக் கோடா மாத்திட்டா கெட்டுப்போகும். சில பேரு படிப்புலயும் போன் நம்பர்லயும் நடுவுல ஒத்தைக் கோடு போட்டிருக்காங்க. அது கலந்துரக் கூடாதுன்னுதான் அந்தக் காலத்துல ரெட்டையா வச்சிருக்காங்க. ரெட்டைக் கோடு இருக்கிற இடத்துல மட்டும் வெட்டி எடுக்கிற மாதிரி நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதுதேன். ஒரு வாரம் டைம் குடுங்க. ஏத்தினப்புறம் பழசையும் புதுசையும் வச்சு ஒத்துப் பாத்துருவோம்"ன்னா.

ஒரு வாரம்! கோட்டை வெட்ட ஒரு வாரமா? நான் யோசிச்சேன். எதிர்த்த தெருவுல 'கங்கணம்'னு ஒருத்தன் போட்டிக்கு நிலையம் திறந்திருக்கான். நம்ம பைல்ல எத்தனை குடும்பத்து போன் நம்பர் கிடக்கு! ஒரு வாரம் அந்தப் பைல் அவ கையில இருந்தா என்ன ஆகும்? அதுவும் அவ அந்த நாள்கள்ல அடிக்கடி மாடி வராந்தாவுக்குப் போய் போன் பேசுதா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதா. வாடிக்கையாளர்ட்ட யாராவது அப்படிச் சிரிப்பாவளா? நான் ஒண்ணும் கேக்கல. மனசுக்குள்ள வச்சிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அவ வேதக்கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்குப் போயிருவா. அன்னைக்கு நானே போய் உக்காந்தேன். தேடி மாத்துததுக்குன்னு ஒரு பெட்டி உண்டு. இன்னதைத் தேடு, அது இருக்கிற இடத்துல இன்னதைப் போடுன்னா, பைல் முழுக்க ஒரே அமுக்குல மாத்திரும். ரெண்டு கோட்டைத் தேடு, ஒரு கோடு போடுன்னு குடுத்தேன். அமுக்கினேன். கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள முடிஞ்சுட்டு. இதுக்கா ஒரு வாரம்?

ஆனா நான் அத்தோட விடல. வரிவரியாப் பாத்தேன். பாத்தா, அங்கங்க இன்னமும் ரெண்டு கோடு சேர்ந்து நிக்கி! பாத்தீங்களா, மிஷினுகூட முழுசா வேலை செய்யாது. அதனால திருப்பி ஒருக்க அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் போச்சு. மறுபடியும் அமுக்கினேன். 'இனிமே ஒண்ணும் இல்லை'ன்னு அது வாயால சொல்லுத வரைக்கும் நான் விடல. அப்புறம்தான் புதுசுல ஏத்தினேன். ஜம்முனு ஏறிச்சு.

மறுநாள் பியூலாகிட்ட, "முடிச்சிட்டேன்"னேன். அவளுக்கு முகமே மாறிப்போச்சு. "எத்தனை தடவை சார் மாத்தினீங்க?"ன்னு கேட்டா. ஏன் கேக்கா? அவளுக்கு எதுக்கு அந்தக் கணக்கு? உள்ளதை எதுக்குச் சொல்லணும்? "ஒரு தடவைதான்"னேன். கொஞ்சம் மூச்சு விட்டா. "அப்பச் சரி சார், ஒத்தைக் கோடு போட்டவங்களை மட்டும் நான் பாத்துச் சரி பண்ணிருதேன்"ன்னு போயிட்டா. அவ ஏன் மூச்சு விட்டான்னு அன்னைக்கெல்லாம் யோசிச்சேன்.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். முத்துலதான்னு ஒரு பொண்ணு. தனியார் பள்ளிக்கூடத்துல வேதியியல் டீச்சர். அம்மா பொன்னுத்தாய், வீட்லயே தையல். தங்கச்சி ஒருத்தி, வயசு ரொம்ப இளையவ. பழைய கம்ப்யூட்டர் ஓடின காலத்துலயே, பதியதுக்கு அந்த அம்மாதான் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாவ. நான் ஒவ்வொரு கட்டமாக் கேட்டு எழுதுதேன். தகப்பனார் பேருன்னு கேட்டா, "அதை விட்டுருங்க அண்ணாச்சி"ன்னாவ.

"காலமாயிட்டாரா?"

"இல்ல."

"அப்ப எங்க இருக்காரு?"

"தெரியாது."

"பேரையாவது போடுவோம்மா. பாக்கவங்க என்ன நினைப்பாவ?"

"வேண்டாம் அண்ணாச்சி, அடுத்ததைக் கேளுங்க."

குரலைக்கூட உசத்தல. அடுத்ததைக் கேளுங்கன்னு சொன்ன விதம் இருக்கே, அதுலயே எனக்கு ஒரு உறுத்தல். காலியா விட்டேன். ஆனா மறக்கல.

அவளுக்கு மாப்பிள்ளை அம்பாசமுத்திரத்துல அமைஞ்சது. சைலப்பன். கால்நடை ஆய்வாளர். நல்ல பையன்தான், அதிகம் பேசமாட்டான். அப்பா பாவநாசம் அண்ணாச்சி, விவசாய ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. பொண்ணு பாத்தாவ, பிடிச்சிருந்தது. அவனும் அவளும் போன்ல பேசிக்கிட்டாவ. எல்லாம் கூடி வந்தது. பாவநாசம் அண்ணாச்சி, "எங்க பெரிய அண்ணன்ட்ட காட்டணும், பொண்ணு விவரத்தை ஒரு தாள்ல எடுத்து அனுப்பும்வே"ன்னாரு. புதுப் புரோகிராம்ல சுத்தி பூ வச்சு அழகா வரும். எடுத்து அனுப்பினேன்.

மத்தியானம் போன். "என்னவே அனுப்பியிருக்கீரு? படிச்சுப் பாத்தீரா?"ன்னு கத்துதாரு. நான் கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாக்கேன். என்ன இருந்ததுன்னு சொல்லுதேன், கேளுங்க. தகப்பனார்: பொன்னுத்தாய். தாயார்: இல்லை. முன் திருமணம்: இல்லை. குழந்தைகள்: ஒன்று.

கல்யாணம் இல்லை, குழந்தை ஒண்ணு!

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? எனக்கு ஒவ்வொண்ணா முடிச்சு அவுந்தது. ஏன் தகப்பன் பேரு வேண்டாம்னாவ? ஏன் அம்மா தன் பேரைத் தகப்பன் கட்டத்துல கொண்டு வச்சிருக்காவ? ஏன் தாயார் இல்லைன்னு இருக்கு? மக பண்ணின காரியத்துல மனசு வெறுத்து, எனக்கு இவ மகளே இல்லன்னு தலைமுழுகியிருக்காவ போலன்னு நினைச்சேன். அந்தச் சின்னத் தங்கச்சி ஒருத்தி இருக்காளே. வயசு இத்தனை இளையவ. தங்கச்சியா அது?

பாவநாசம் அண்ணாச்சிட்ட, "எனக்கும் ஆரம்பத்துல இருந்தே ஒரு சந்தேகம் உண்டு அண்ணாச்சி, நீங்க நிதானமா இருங்க"ன்னேன். நம்பி வந்த மனுசனுக்கு நல்லது சொல்லணும்லா.

அத்தோட நிக்காம நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். அவங்க தெருவுல ஒரு ஸ்டோர் இருக்கு. அங்க நின்னு சோப்பு வாங்குத மாதிரி விசாரிச்சேன். "அந்த டீச்சரம்மா வீட்டுச் சின்னப் பிள்ளை யாரு?"ன்னேன். கடைக்காரம்மா, "தங்கச்சி"ன்னாவ. "தங்கச்சின்னுதான் சொல்லிக்கிடுதாவளா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லல. அந்நேரம் பாத்து அந்தப் பிள்ளையே பால் வாங்க வந்தது. மூக்கு அப்படியே முத்துலதா மூக்கு! நெத்தி அப்படியே! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

என்ன தம்பி? அக்கா தங்கச்சின்னாலும் மூக்கு அப்படித்தான் இருக்கும்னா? இருக்கலாம். இருக்கலாம்னு நானும் சொல்லுதேன்.

மாப்பிள்ளை வீட்ல ஒண்ணும் சொல்லாமப் பேச்சை நிறுத்திட்டாவ. அந்தத் தெருவுல ஏதோ பேச்சு கிளம்பி பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டுன்னு கேள்விப்பட்டேன். ஊரு வாய் அப்படி. யாரு ஆரம்பிக்கான்னே தெரியாது.

இதுக்கு நடுவுல பியூலா ஒரு நாள் என் மேசை முன்னால வந்து நின்னா. கையில அச்செடுத்த தாள் நாலஞ்சு. "சார், ஒரு தடவைதான் மாத்தினேன்னு சொன்னீங்க. இதைப் பாருங்க"ன்னா. தென்காசிக்காரன் ஒருத்தன், அவன் படிப்புக் கட்டத்துல 'மேஷம்'னு இருக்கு. இன்னொரு பொண்ணுக்கு ராசி இருக்க வேண்டிய இடத்துல 'ரோகிணி நட்சத்திரம்'. இன்னும் என்னென்னமோ.

"எல்லாம் ஒரே மாதிரி தப்பு சார். யார் யாரு ஏதாவது ஒரு கட்டத்தைக் காலியா விட்டாங்களோ, அவங்களுக்கு மட்டும் அதுக்குப் பின்னால உள்ளது எல்லாம் ஒரு இடம் முன்னால வந்துட்டு"ன்னா.

ஒரு பேப்பர்ல போட்டுக் காமிச்சா. "ரெட்டைக் கோடு, நடுவுல தகப்பன் பேரு, ரெட்டைக் கோடு. பேரு இல்லன்னா ரெட்டைக் கோடும் ரெட்டைக் கோடும் ஒட்டிக்கிட்டு நிக்கும், நாலு கோடா. ஒரு தடவை மாத்தினா அது ரெண்டாகும். அந்த ரெண்டு கோடு மிச்சம் இல்ல சார். அதுக்கு நடுவுல ஒரு காலிக் கட்டம் இருக்குன்னு அர்த்தம். அது இருக்கணும். இன்னொரு தடவை மாத்தினா ரெண்டும் ஒண்ணாகிரும். கட்டமே காணாமப் போயிரும். அப்ப தாயார் பேரு தகப்பன் கட்டத்துக்கு வரும். முத்துலதா டீச்சருக்கு அப்படித்தான் ஆயிருக்கு. அந்த 'ஒன்று' குழந்தை இல்ல சார், உடன்பிறந்தோர். தங்கச்சி."

நல்லாத்தான் சொன்னா. கணக்குப் போட்டு, கோடு போட்டு. ஆனா நான் ஒண்ணு கேக்கேன் தம்பி. கெட்டுப்போனது பூராவும் காலியா விட்டவங்களோடது. எல்லாத்தையும் ஒழுங்கா எழுதிக் குடுத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அது எப்படி? மறைச்சவங்களை மட்டும் பாத்துப் பிடிச்சிருக்கு, இல்லையா? பியூலாகிட்ட இதைத்தான் கேட்டேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே! பதிலே இல்ல. பதில் இல்லைன்னா என்ன அர்த்தம்?

"பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுது சார். அதுல இருந்து மறுபடி எடுத்துச் சரியா ஏத்திரலாம். அதுக்கு முன்னால இவங்க எல்லாருக்கும் போன் பண்ணி தாள் தப்புன்னு சொல்லணும்"ன்னா.

"யாருக்கும் போன் பண்ணக் கூடாது. நம்ம நிலையத்து மானம் போயிரும்"னேன்.

ஆனா பண்ணிட்டா! தன் சொந்தப் போன்ல இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பண்ணியிருக்கா. ஒரு வாடிக்கையாளர் என்கிட்டயே வந்து, "உங்க ஆபீஸ் பொண்ணு நல்ல மாதிரி, கேக்காமலே விவரம் சொல்லிச்சு"ன்னு பாராட்டுதாரு. நம்ம வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் அவ போன்ல! நான் முதல்லயே நினைச்சது சரியாப் போச்சா? கூப்பிட்டுக் கேட்டேன். "கங்கணத்துக்காரன் என்ன சொன்னான்? உன்னை எப்ப வரச் சொன்னான்?"னு. அவ சாவியை மேசையில வச்சிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டா. மறுத்துப் பேசக்கூட இல்லை, பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் விசாரிச்சேன், கங்கணத்துக்குப் போகல. ஒரு டைப்பிங் சென்டர்ல சொல்லிக்குடுக்காளாம். இப்போதைக்கு.

அவ பண்ணின போன்ல ஒண்ணுதான் முத்துலதாவுக்கு. அடுத்த சனிக்கிழமை அவ நேரா என் ஆபீஸுக்கு ஏறி வந்துட்டா. தனியா. உக்காரச் சொன்னேன், உக்காரல. "என் தாளை எடுங்க சார்"ன்னா. எடுத்தேன். "சத்தமாப் படிங்க"ன்னா. எனக்கு என்னமோ பரீட்சை வைக்கிற மாதிரி இருந்தது. டீச்சர்லா.

"தகப்பனார், பொன்னுத்தாய்"னு படிச்சேன்.

"ஒரு அப்பாவுக்குப் பொன்னுத்தாய்னு பேரு இருக்குமா சார்? இதைப் படிச்சப்பக்கூட ஏதோ தப்புன்னு தோணலையா?"

"தோணிச்சேம்மா. தப்பு நடந்திருக்குன்னு அப்பவே தோணிச்சு. அதனாலதானே உங்க தெருவுக்கே வந்து விசாரிச்சேன்."

அதைச் சொன்னதும் அவ மேசையைப் பிடிச்சிக்கிட்டா. "அது நீங்கதானா?"ன்னா.

ஏன் அப்படிக் கேட்டான்னு எனக்கு அப்பப் புரியல. அழுவான்னு நினைச்சேன், அழல. "என் தங்கச்சி இப்ப கடைக்குப் போகமாட்டேங்கா. ஏன்னு கேட்டா சொல்லமாட்டேங்கா. நான் வேலைக்குப் போனா, ஸ்டாஃப் ரூம்ல பேச்சை நிறுத்திருதாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, 'குடும்ப விஷயம் ஏதாவது இருந்தா லீவு எடுத்துக்கோ'ன்னு சொல்லுதாங்க. என் அம்மா தையல் மிஷினை மிதிக்கிறதையே விட்டுட்டாங்க"ன்னா.

நான் என்ன சொல்ல முடியும்? "காலம் கெட்டுக் கிடக்கும்மா"ன்னேன்.

"நீங்க ஒண்ணு செய்யணும் சார். வார வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்துக்கு வாங்க. அவங்க பெரியப்பா, சொந்தக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. சைலப்பன் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. எந்த வாயால அவங்க அப்பாகிட்டச் சந்தேகம்னு சொன்னீங்களோ, அதே வாயால இல்லைன்னு சொல்லணும். வரலைன்னா, காலிக் கட்டம் உள்ள அத்தனை குடும்பத்தையும் நானே கூட்டிக்கிட்டு இந்த மாடிக்கு வருவேன்."

பாருங்க, காலிக் கட்டம்! பியூலா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திருக்கா.

அதுக்கு நடுவுல அந்தச் சைலப்பனும் ஒரு நாள் வந்தான். தன்னோட தாளை ஒரு காப்பி வேணும்னான். எதுக்குன்னேன். "சும்மாதான்"னான். எடுத்துக் குடுத்தேன்.

இன்னைக்குக் காலையில போனேன். நடு வீட்ல ஜமுக்காளம் விரிச்சிருந்தது. பாவநாசம் அண்ணாச்சி, அவரு அண்ணன், பொம்பளையாட்கள். இந்தப் பக்கம் பொன்னுத்தாய் அம்மா, முத்துலதா, அந்தத் தங்கச்சி. சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காவ, எவ்வளவு துணிச்சல் பாருங்க. அது அக்கா கையை விடவே இல்லை.

நான் எழுந்திரிச்சுப் பேசினேன். "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு நடந்துபோச்சு. யாரு கை வச்சாவன்னு விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்"னேன்.

முத்துலதா, "யாரு கை வச்சாங்கன்னு நான் கேக்கல சார். எனக்குக் குழந்தை உண்டா, இல்லையா?"ன்னா. அத்தனை பேரு முன்னால!

"பழைய கம்ப்யூட்டர்படி இல்லைம்மா."

"கம்ப்யூட்டர்படி வேண்டாம். உங்க வாயால சொல்லுங்க."

எல்லாரும் என்னையே பாக்காவ. "இல்லை"ன்னேன். சொல்லிட்டேன் தம்பி. வேற என்ன செய்ய? அப்பவும் பாவநாசம் அண்ணாச்சி முகம் தெளியல. "எழுத்துல வந்தது எப்படிய்யா தன்னால மாறும்?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. என்னை மாதிரி யோசிக்கிற மனுசன்.

அப்பத்தான் சைலப்பன் எழுந்தான். பாக்கெட்ல இருந்து தன் தாளை எடுத்தான். "அப்பா, இதே கம்ப்யூட்டர்ல இருந்து வந்த என் தாள். சொத்து விவரம் கேட்டப்ப, 'எவன்கிட்டயும் சொல்லாதே, காலியா விடு'ன்னு நீங்கதானே சொன்னீங்க? காலியா விட்டோம். இப்பப் படிக்கேன், கேளுங்க. சொத்து: ஐந்தடி எட்டங்குலம். உயரம்: மாநிறம். நிறம்: சைவம். உணவு: இல்லை"ன்னு படிச்சான்.

முதல்ல அந்தத் தங்கச்சிதான் களுக்குன்னு சிரிச்சது. அப்புறம் பெரியப்பா. அப்புறம் வீடே சிரிக்கி. "எலே, உனக்கு நிறமே சைவமாலே!"ன்னு ஒரு அத்தை கண்ணைத் துடைச்சிக்கிட்டுச் சிரிக்காவ. பாவநாசம் அண்ணாச்சி தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, பொண்ணு தாளையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. கட்டத்தை விரலால நகத்தி நகத்திப் பாத்தாரு. அவருக்குச் சிரிப்பு வரல. தாளைக் கீழ வச்சிட்டு எழுந்து போயி, பொன்னுத்தாய் அம்மா முன்னால கையைக் கூப்பினாரு.

"தாயி, மன்னிக்கணும். ஒரு வார்த்தை உங்ககிட்டக் கேக்காம விட்டுட்டேன்"ன்னாரு. அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சிக்கிட்டாவ. இத்தனை நாளும் அடக்கினது எல்லாம் அப்ப அழுகையா வந்துட்டு போல.

தேதி குறிச்சாவ. கல்யாணப் பத்திரிகைப் பேச்சு வந்தது. நான் நல்ல மனசோட, "பொண்ணுக்குத் தகப்பன் பேரு ஏதாவது ஒண்ணு போடணுமே"ன்னேன். பொன்னுத்தாய் அம்மா என் பக்கம் திரும்பினாவ. கோவமே இல்ல. "அண்ணாச்சி, நான் எதையும் மறைக்கல. அந்த இடத்துல ஆள் இல்ல. இல்லாததை இல்லாத மாதிரியே விட்டேன். அவ்வளவுதான்"ன்னாவ. பாவநாசம் அண்ணாச்சி, "பொன்னுத்தாய் மகள்னு போடுவோம்"ன்னாரு. முடிஞ்சுது.

எல்லாம் முன்னாடியே பேசி வச்ச மாதிரி இல்ல? அவன் தாளை எடுத்ததும், அந்தப் பிள்ளை சரியான நேரத்துல சிரிச்சதும்! அதான் எனக்கு இலை முன்னால உக்காரப் பிடிக்கல. கிளம்பிட்டேன்.

வாசல்ல முத்துலதா வந்தா. "பியூலா அக்காகிட்டப் பேசினேன் சார். நாளைக்குக் காலையில உங்க ஆபீஸுக்கு வாராங்களாம். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாத்தையும் மறுபடி சரியா எடுத்து ஏத்திக் குடுத்துட்டுப் போயிருதாங்களாம். ஒண்ணும் வேண்டாமாம். 'எத்தனை வீட்ல கல்யாணம் தள்ளிப் போகுதோ, பாவம்'ன்னாங்க. நீங்க கதவை மட்டும் திறந்து வச்சாப் போதும்"ன்னா.

ஒண்ணும் வேண்டாமாம்!

நீங்களே சொல்லுங்க தம்பி. நான் அவளைத் திருடின்னு சொல்லாத குறையா அனுப்பியிருக்கேன். என் மேல அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கும்? அப்படிப்பட்டவ தன் வேலையை விட்டுட்டு, காசு வாங்காம, எனக்கு வந்து சரி பண்ணிக் குடுக்காளாம். உலகத்துல யாராவது செய்வாங்களா? இத்தனை நாளா ஆபீஸுக்கு ஆள் வாரதும் குறைஞ்சிட்டு, அந்தப் புதுக் கம்ப்யூட்டர்ல எது யாரோடதுன்னு எனக்கே தெரியல. அந்தச் சமயம் பாத்து, மிச்சம் உள்ள நம்பரையும் அள்ளிக்கிட்டுப் போகத்தான் வருவாளோ? யோசிச்சுக்கிட்டே வாரேன். பஸ்ல ஏறினதுல இருந்து அதே யோசனைதான். பிடிபட மாட்டேங்கு.

அவ சாவியைக் குடுத்துட்டாதான். ஆனா அதுக்கு முன்னாலயே இன்னொரு சாவி அடிச்சு வச்சிருக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?

ஜங்ஷன்ல இறங்கினதும், பூட்டு விக்கிற கடை பக்கத்துல எங்க இருக்கு தம்பி? இந்நேரம் திறந்திருக்கும்லா?